கீழ் பல் செட்: ரீலைனா, புதிய செட்டா, இம்பிளான்ட்டா?

"மேல் செட் அம்மிக்கல் போல உட்கார்ந்திருக்கிறது. கீழ் செட்டுக்கு மட்டும் என்னப்பா வந்தது? பேசினால் எழும்புகிறது, சிரித்தால் எழும்புகிறது, கொட்டாவி விட்டால் கையால் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது."

போன ஆடி மாதம் என் பெரியம்மா தன் வீட்டு அடுப்படியில் நின்று கேட்ட கேள்வி இது. அப்போதுதான் உப்புமா சாப்பிட்டு முடித்திருந்தார். கீழ் செட்டைக் கழற்றித் திருப்பி உள்பக்கத்தைக் காட்டினார். ரவைக் குருணையும் இரண்டு கடுகும் ஒட்டியிருந்தன. என்னைவிடப் பொருத்தமான ஆளிடம் அவர் முறையிட்டிருக்க முடியாது. அந்த செட்டைச் செய்தவனே நான்தான்.

நான் பல் மருத்துவர் அல்ல. பல் செட் செய்யும் ஆய்வகத்தில் 26 வருடங்களாக வேலை பார்க்கிறேன். மருத்துவர் வாயில் அளவெடுத்து அனுப்புவார். நாங்கள் அதில் பிளாஸ்டர் ஊற்றி வார்ப்பு எடுப்போம், மெழுகில் பல் அடுக்குவோம், மெழுகை உருக்கி எடுத்துவிட்டு அக்ரிலிக்கை நிரப்பி வேகவைப்போம், தேய்த்து மெருகேற்றித் திருப்பி அனுப்புவோம். எங்கள் மேஜைக்கு வருவது எலும்பு மேடும் அதன் மேல் போர்த்திய ஈறும் மட்டுமே. நாக்கு வராது. கன்னம் வராது. உதடு வராது. மேல் செட்டுக்கு இது அவ்வளவு பெரிய குறை இல்லை. கீழ் செட்டின் தலையெழுத்தை எழுதுவதோ வார்ப்பில் வராத இந்த மூன்றும்தான்.

பெரியம்மாவுக்கு ஆளுக்கொரு வழி சொன்னார்கள். பக்கத்து வீட்டு மாமி பசை போடச் சொன்னார். மருத்துவர் பழைய செட்டுக்கே அடிப்பக்கம் நிரப்பிப் பார்க்கலாம் என்றார். ரீலைன் என்பது அதுதான். சிங்கப்பூரில் இருக்கும் அண்ணன், "பணத்தைப் பற்றிக் கவலைப்படாதே, இம்பிளான்ட் வைத்துவிடலாம்" என்று ஃபோனில் முடிவே எடுத்துவிட்டார். தாடை எலும்பில் திருகு வைத்து அதன் மேல் செட்டை மாட்டுவது அது. எல்லோரும் விலைப்பட்டியலிலிருந்து ஆரம்பித்தார்கள். செட்டைத் தூக்குவது எது என்று யாரும் கேட்கவில்லை. அதைக் கண்டுபிடித்துவிட்டால் இந்த வழிகளில் பாதி தானாக உதிர்ந்துவிடும்.

கீழ்த் தாடைக்கு வாய்த்தது

மேல் செட்டுக்கு அண்ணம் முழுவதும் சொந்தம். ஈரமான கண்ணாடித் தட்டு மேஜையில் ஒட்டிக்கொள்வது போல, உமிழ்நீர்ப் படலத்தின் உதவியோடு அது பிடித்துக்கொள்கிறது. கீழே நடு இடத்தை நாக்கு எடுத்துக்கொண்டுவிட்டது. மிஞ்சுவது குதிரை லாடம் போன்ற ஒடுங்கிய பாதை. பாடநூல் கணக்குப்படி மேல் செட் உட்காரும் பரப்பு ஏறத்தாழ 24 சதுர சென்டிமீட்டர், கீழ் செட்டுக்கு 14. சொந்தப் பற்கள் இருந்த காலத்தில் ஒரு தாடையின் வேர்களைப் பிடித்திருந்த நார்களின் பரப்பு 45. போதாததற்குக் கீழ் செட்டுக்கு வெளி விளிம்பு, உள் விளிம்பு என்று இரண்டு கரைகள். எந்தக் கரையில் காற்று புகுந்தாலும் பிடிப்பு போய்விடும்.

எலும்பும் நிற்பதில்லை. செட் அணிந்தவர்களை 25 வருடக் கால அளவில் ஆராய்ந்து டால்கிரென் என்ற ஆய்வாளர் 1972இல் வெளியிட்ட ஆய்வு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. கீழ்த் தாடையின் மேடு, மேல் தாடையைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு கரைந்திருந்தது. மேடு தாழத் தாழ, முன்பு கீழே ஒதுங்கியிருந்த தசைகள் மேட்டின் உச்சிக்கே வந்து நிற்கும். தாடை முனையில் மோவாயைச் சுருக்கும் தசை ஒன்று உண்டு. மேடு உயரமாக இருந்தவரை அது தன் பாட்டுக்குக் கிடந்தது. மேடு கரைந்தவர்களுக்கு அவர்கள் உதட்டைக் குவிக்கும் ஒவ்வொரு முறையும் அது செட்டின் முன்பகுதியை மேலே உந்தும். கீழுதட்டுக்கு உணர்ச்சி தரும் நரம்பு எலும்பிலிருந்து வெளிவரும் துளையும் அப்படியே. ஒரு காலத்தில் மேட்டுக்குக் கீழே பத்திரமாக இருந்தது, இப்போது செட்டின் அடியிலேயே வந்துவிடும். மெல்லும்போது மின்சாரம் பாய்ந்தது போல வலிக்கிறது, உதடு மரத்துப்போகிறது என்பவர்களுக்கு அங்கேதான் காரணத்தைத் தேட வேண்டும்.

கீழ்த் தாடை முழுக்கப் பகையாளிகள்தானா என்றால், இல்லை. இரண்டு நண்பர்கள் உண்டு. கடைவாய்ப் பக்கம் மேட்டுக்கும் கன்னத்துக்கும் நடுவில் திண்ணை போல ஓர் எலும்புத் தளம் இருக்கிறது. கெட்டியான எலும்பு, மெல்லும் விசை அதன் மேல் நேராக இறங்குவதால் சுலபத்தில் கரையாது. அங்கே கன்னத்தசையின் நார்கள் விளிம்புக்கு இணையாகப் படுத்த வாக்கில் ஓடுவதால், செட் அதன் மேல் ஏறி உட்கார்ந்தாலும் அது கோபித்துக்கொள்வதில்லை. இன்னொன்று, கடைசிக் கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால் இருக்கும் பேரிக்காய் வடிவ மெத்தை. அதன் அடியில் எலும்பு அதிகம் கரைவதில்லை. பல் அடுக்கும்போது உயரம் பார்க்க நாங்கள் நம்பும் அடையாளமும் அதுதான். இந்த மெத்தையைத் தொடாமல் முன்னாலேயே நின்றுவிட்ட கீழ் செட்டுகள் ரிப்பேருக்கு வரும்போது எனக்கு அளவெடுத்தவர் மேல் எரிச்சல் வரும். வாயில் உறுத்துகிறது என்று நோயாளி சொன்னதும் விளிம்பைத் தேய்த்துத் தேய்த்துக் குட்டையாக்கியிருப்பார்கள். உறுத்தல் போகும், கூடவே பிடிப்பும் போகும்.

உள்பக்கத்தின் ராஜா, வாயின் தரையாக விரிந்திருக்கும் தசை. எச்சில் விழுங்கும் ஒவ்வொரு முறையும் அந்தத் தரை மேலே எழும்புகிறது. அது தெரியாமல் எலும்பை ஒட்டி நேராக இறங்கும் விளிம்பு அடிவாங்கித் தூக்கப்படும். தெரிந்து செய்தவர் விளிம்பை நாக்கின் பக்கமாகச் சற்றுச் சாய்த்து விடுவார். தரை எழும்பும்போது விளிம்புக்குக் கீழே அதற்கு இடம் இருக்கும், நாக்கும் அதன் மேல் படுத்துச் செட்டைக் கீழே அழுத்திக்கொடுக்கும். மேலிருந்து பார்த்தால் அந்த விளிம்பு வாய்க்கால் போல வளைந்து வளைந்து போகும். வார்ப்பில் அந்த வளைவைப் பார்த்தாலே அளவெடுத்த கை எப்படிப்பட்டது என்று சொல்லிவிடலாம்.

கண்ணாடி முன் கால் மணி நேரம்

பெரியம்மாவை வெளிச்சத்தில் உட்காரவைத்து, கையில் கண்ணாடியைக் கொடுத்தேன். எந்த முடிவுக்கும் முன்னால் இதை யாரும் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். தீர்ப்பு சொல்ல அல்ல, மருத்துவரிடம் குறையைச் சரியாகச் சொல்ல.

முதலில் வாயைப் பாதி மட்டும் திறந்து, நாக்கின் நுனியைக் கீழ் முன்பற்களின் பின்புறம் தொட்டபடி சும்மா இருக்கச் சொன்னேன். செட் அசையவில்லை. அசையாதது நல்ல சேதி. சிலருடைய நாக்கு வாய் திறந்ததும் பின்னுக்குச் சுருண்டுகொள்ளும். அப்போது உள் விளிம்பின் அடைப்பு உடைந்து காற்று புகும். அவர்களுக்கு எவ்வளவு செலவு செய்தாலும் பாதிக் குறை நாக்கின் பழக்கத்தில்தான் இருக்கிறது. பழக்கத்தை மாற்றப் பயிற்சி இருக்கிறது, காசும் ஆகாது.

அடுத்து நாக்கால் மேலுதட்டைத் தொடச் சொன்னேன். முன்பகுதி லேசாக எழும்பியது. நாக்கின் அடியில் இருக்கும் இழைக்கு விளிம்பில் போதிய வெட்டு இல்லை. வாயைப் பெரிதாகத் திறந்தபோது பின்பகுதி துள்ளவில்லை; துள்ளியிருந்தால் பின் ஓரம் நீளம் என்று அர்த்தம். கன்னத்தை விரலால் மெதுவாக மேலே இழுத்தேன், அசையவில்லை.

பிறகு, ஒன்று முதல் இருபது வரை எண்ணச் சொன்னேன். ஆறு, ஏழு வந்ததும் செட் இரண்டு பக்கமும் சேர்ந்தாற்போல மிதந்து எழுந்தது. மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு இன்னொரு முறை பார்த்தேன். நாக்கின் இரு ஓரங்களும் கடைவாய்ப் பற்களுக்கு அடியில் நுழைந்து, பலாச்சுளையைக் கெல்லி எடுப்பது போல செட்டைக் கெல்லி எடுத்துக்கொண்டிருந்தன. குற்றவாளி அகப்பட்டுவிட்டார். கரைந்த மேட்டின் உச்சி எங்கே இருந்ததோ அதற்கு நேர் மேலே பல் அடுக்கியிருந்தேன். பழக்கதோஷத்தில் இன்னும் ஒரு நூல் உள்ளே தள்ளி. வார்ப்பைப் பார்த்தால் அது சரி. வாயில் அது நாக்கின் இடம். பற்கள் போன பிறகு நாக்கு பக்கவாட்டில் பரவி அகன்றுவிடும் என்பதை நான் படித்திருந்தேன், கை மறந்துவிட்டது.

இதையெல்லாம் செய்துவிட்டு வழிகளை எடைபோட்டபோது அவை வேறு மாதிரித் தெரிந்தன.

பசையும் ரீலைனும்

பசையை நான் வெறுப்பவன் அல்ல. வாய் வறண்டவர்களுக்கு அது உண்மையிலேயே உதவும். ரத்த அழுத்தம், ஒவ்வாமை, மனச்சோர்வு ஆகியவற்றுக்கான மாத்திரைகள் பல, உமிழ்நீரைக் குறைத்துவிடும். படலம் இல்லாமல் எந்த செட்டும் பிடிக்காது. காலையில் நன்றாக இருந்து மாலைக்குள் தளர்ந்து, ஈறும் எரிகிறது என்றால் முதலில் அந்த மாத்திரைச் சீட்டை மருத்துவரிடம் காட்டுவது நல்லது. கடலை அளவு பசை போதும். ஒரு குழாயை ஒரு வாரத்தில் தீர்க்கிறோம் என்றால் செட் பொருந்தவில்லை என்று அர்த்தம். துத்தநாகம் கலந்த பசையை அளவு மீறிப் பல மாதம் பயன்படுத்தியவர்களுக்கு உடலில் செம்புச் சத்துக் குறைந்து நரம்புகள் பாதிக்கப்பட்ட நிகழ்வுகள் பதிவாகியிருக்கின்றன. 2010இல் பெரிய உற்பத்தியாளர் ஒருவர் தன் பசையிலிருந்து துத்தநாகத்தை எடுத்தே விட்டார். வாங்கும்போது அட்டையைப் படித்துப் பாருங்கள். பெரியம்மாவின் நாக்கைப் பசையால் கட்டிவைக்க முடியாது என்பதால் மாமியின் யோசனை முதலில் உதிர்ந்தது.

ரீலைன் சொன்ன மருத்துவர் தவறாகச் சொல்லவில்லை. செட்டில் பற்கள் சரியான இடத்தில் இருந்து, தேயாமல், கடி சரியாக விழுந்து, அடியில் ஈறு மட்டும் இறங்கிப்போயிருந்தால் ரீலைனைப் போலச் செலவு குறைந்த நல்ல காரியம் கிடையாது. ஒரு நாள் செட்டை எங்களிடம் விட்டால் அடிப்பக்கம் புது ஈறுக்குத் தக்கபடி மாறிவிடும். ஒரு நிபந்தனை: அளவு கொடுப்பதற்கு முன் ஓரிரு நாளாவது செட்டைக் கழற்றி வைத்து ஈறுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும். நசுங்கி வீங்கிய ஈறின் மேல் எடுத்த அளவு, வீக்கத்தின் அளவு. இந்த ஓய்வுக்குச் சம்மதிக்கிறவர்கள் குறைவு. "பல்லில்லாமல் எப்படி வெளியே போவது?" என்பார்கள்.

மென்மையான ரீலைன் என்று ஒன்று இருக்கிறது. மெல்லிய ஈறும் கூரான எலும்பும் உள்ளவர்களுக்கு, உரசும் இடமெல்லாம் புண்ணாகிறவர்களுக்கு அது மெத்தை போட்டது போல இருக்கும். ஆனால் அதற்குள்ள விலை கடையில் கொடுப்பது மட்டும் அல்ல. மென்மையான அக்ரிலிக் சில மாதங்களில் இறுகிவிடும். சிலிகான் கூடுதல் காலம் உழைக்கும், ஓரங்களில் உரிய ஆரம்பிக்கும். இரண்டிலும் பூஞ்சை குடியேறும். மெத்தைக்கு இரண்டு மில்லிமீட்டர் கனமாவது வேண்டும் என்பதால் அந்த அளவுக்குக் கெட்டி அக்ரிலிக்கைக் குறைக்க வேண்டியிருக்கும், அங்கே செட் உடையும். எனக்கு வரும் ரிப்பேர் பெட்டியில் இப்படி நடுவில் இரண்டாக உடைந்தவை அவ்வப்போது வரும்.

பெரியம்மாவின் குறை அடியில் இல்லை, பக்கவாட்டில் இருந்தது. அடியை எப்படி நிரப்பினாலும் பற்கள் நாக்கின் இடத்திலேயே நிற்கும். ரீலைனும் உதிர்ந்தது.

இம்பிளான்ட்: அண்ணன் சொன்னதில் எவ்வளவு உண்மை

நிறையவே உண்மை. ஸ்வீடனில் பிரானெமார்க் என்ற ஆய்வாளர் 1965இல் டைட்டானியம் திருகுகளை முதன்முதலில் ஒரு மனிதருக்கு வைத்தது கீழ்த் தாடையில்தான். கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் 2002இல் கூடிய நிபுணர்கள், பல்லே இல்லாத கீழ்த் தாடைக்கு முதல் தேர்வு இரண்டு இம்பிளான்ட் மேல் மாட்டும் செட்டாகவே இருக்க வேண்டும் என்று அறிவித்தார்கள். 2009இல் இங்கிலாந்தின் யார்க்கில் வெளியிட்ட அறிக்கையும் அதை வழிமொழிந்தது. முன்பக்கத்தில், உதட்டு நரம்பு வெளிவரும் இரண்டு துளைகளுக்கும் நடுவில், பொதுவாகக் கோரைப்பல் இருந்த இடங்களில் வைப்பார்கள். அங்கே எலும்பும் நன்றாக இருக்கும், நரம்பை இடிக்கும் பயமும் குறைவு. செட்டின் அடியில் சட்டைப் பித்தானைப் போல டக்கென்று மாட்டும் பூட்டு. அணிந்தவர்கள் பெரும்பாலும் மகிழ்ச்சியாகவே இருக்கிறார்கள்.

ஆய்வக மேஜையிலிருந்து பார்த்தால் இன்னும் சில விஷயங்கள் தெரியும். இரண்டு இம்பிளான்ட் செட்டைப் பிடித்து வைக்கும், முழுதாகத் தாங்காது. மெல்லும் பாரம் இன்னும் அந்தக் கடைவாய்த் திண்ணையிலும் மெத்தையிலும்தான் இறங்குகிறது. ஆகவே விளிம்புகள் சரியாக இருக்க வேண்டும் என்ற விதி மாறுவதில்லை. பின்பக்க எலும்பு தொடர்ந்து கரையும், வருடங்கள் கழித்து ரீலைன் வேண்டியிருக்கும். பூட்டில் இருக்கும் நைலான் வளையம் தேயும். வருடத்துக்கு ஒரு முறையோ அதற்குச் சற்று முன்பின்னோ மாற்ற வேண்டும். பூட்டுக்கு உயரம் வேண்டும். தாடைகளுக்கு நடுவே இடம் குறைந்தவர்களுக்குப் பூட்டின் மேல் அக்ரிலிக் காகிதமாக மெலிந்து, சரியாக அங்கேயே விரிசல் விடும். செட்டின் அடியில் ரவை போவதும் நிற்காது.

எல்லாவற்றையும் விட முக்கியமானது: பற்கள் தவறான இடத்தில் இருந்தால் இம்பிளான்ட் அந்தத் தவறை மன்னிக்காது, மறைக்கும். நாக்கு முன்பு போலவே கெல்லும். செட் எழும்பாது, பதிலாக நைலான் வளையம் சீக்கிரம் தேயும். இம்பிளான்ட் வைத்தும் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வளையம் மாற்ற வருகிறவரைப் பார்த்திருக்கிறேன். அவருக்குச் செட்டைத்தான் மாற்றியிருக்க வேண்டும்.

கட்டுப்படாத சர்க்கரை, விடாத புகைப்பழக்கம், எலும்புத் தேய்மானத்துக்கான சில மருந்துகள், தாடைக்குக் கொடுத்த கதிர்வீச்சு ஆகியவை இருந்தால் அறுவைக்கு முன் மருத்துவர் யோசிப்பார். பெரியம்மாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, வயது 74 என்பதும் தனியாக ஒரு தடை இல்லை. அதனால் இந்த வழி உதிரவில்லை. வரிசையில் பின்னால் போனது.

நான்கு திருகுகளின் மேல் நிரந்தரமாகப் பூட்டும் முறை, லிஸ்பனில் பாலோ மாலோ என்ற பல் மருத்துவர் பரப்பியது, நாக்கு, கன்னம், உதடு போன்ற மென்திசுவின் தொல்லையிலிருந்து கிட்டத்தட்ட முழு விடுதலை. விளிம்பே கிடையாது, தூக்க ஏதுமில்லை. செலவு பல மடங்கு. அடியில் தினமும் சிறு பிரஷ் விட்டுச் சுத்தம் செய்ய வேண்டும். பெரியம்மாவின் விரல் மூட்டுகளுக்கு அது ஆகாது. அண்ணனிடம் அதை விளக்க அரை மணி நேரம் ஆயிற்று.

புதிய செட், ஆனால் வேறு விதமாக

புதிய செட் என்றதும் "இதே போல இன்னொன்றா?" என்று பெரியம்மா கேட்டது நியாயம். அதே மாதிரி அளவெடுத்து அதே மாதிரி அடுக்கினால் அதே குறைதான் வரும். அளவெடுக்கும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது.

ஜப்பானின் பல் மருத்துவர் ஜிரோ அபே வகுத்த முறை ஒன்று இருக்கிறது. வாயை மூடிய நிலையில், நோயாளியே விழுங்கி, உதட்டைக் குவித்து, நாக்கை நீட்டி விளிம்பை உருவாக்கிக்கொடுக்கும் அளவு. கீழ் செட்டின் சுற்றுக்கரை முழுவதையும் மென்திசுவால் அடைத்து, மேல் செட்டைப் போலவே உறிஞ்சிப் பிடிக்க வைப்பது நோக்கம். நாக்கின் அடியில், முன்பக்கம், பஞ்சு போன்ற திசு தாராளமாக இருப்பவர்களுக்கும் பின் மெத்தையைக் கன்னமும் நாக்கும் சேர்ந்து மூடிக்கொள்கிறவர்களுக்கும் அது பலிக்கும். அந்தத் திசு இறுகி ஒட்டியவர்களுக்கும் நாக்கு பின்வாங்குகிறவர்களுக்கும் கடினம். முறை நல்லது என்பதற்காக எல்லா வாய்க்கும் வாக்குக் கொடுக்கிறவர்களிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள்.

பெரியம்மாவின் குறைக்கு நேர் மருந்து வேறொன்று. நாக்கு வெளியே தள்ளுகிறது, கன்னமும் உதடும் உள்ளே தள்ளுகின்றன. இரண்டு தள்ளலும் சரிக்குச் சரியாகும் ஒரு நடுப்பாதை ஒவ்வொருவர் வாயிலும் உண்டு. பற்கள் நிற்க வேண்டிய இடம் அந்தப் பாதை, மேட்டின் உச்சி அல்ல. அதைக் கண்டுபிடிக்க, பல் இல்லாத ஒரு அக்ரிலிக் தட்டின் மேல் இளகிய பொருளைச் சுவர் போல வைத்து வாயில் போட்டுவிடுவார்கள். நோயாளி தண்ணீர் குடிக்க வேண்டும், விழுங்க வேண்டும், பேச வேண்டும். பத்து நிமிடத்தில் நாக்கும் கன்னமும் அந்தச் சுவரைத் தங்களுக்குப் பிடித்த வடிவத்தில் பிசைந்துவிடும்.

இதில் வசதிக்குறைவு நேரம்தான். மருத்துவருக்கு ஒரு வருகை கூடுதல், எனக்கு அரை நாள் வேலை கூடுதல். செலவு சாதாரண செட்டைவிடச் சற்று அதிகம், இரண்டு இம்பிளான்ட்டின் பக்கத்தில் வைத்தால் சிறியது. சரிவரவில்லை என்றாலும் நஷ்டமில்லை: சரியான இடத்தில் பல் அடுக்கிய நல்ல செட்டில் பின்னாளில் பூட்டை வைத்துக்கொள்ளலாம், இடம் இருந்தால். முதலில் இம்பிளான்ட் வைத்துவிட்டு இந்தக் கணக்கைப் பின்னால் போடுவதைவிட இந்த வரிசைதான் எனக்குச் சரியாகப் படுகிறது. மருத்துவரிடம் சொன்னேன். யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டார்.

அந்தச் சுவர் என் மேஜைக்கு வந்த நாள் நினைவிருக்கிறது. உள்பக்கம் நாக்கின் இரு ஓரங்களும் பதித்த பள்ளம், வெளிப்பக்கம் வாயோரத் தசைமுடிச்சு அழுத்திய குழி. நான் முன்பு பல் வைத்திருந்த இடம் முழுக்க நாக்கின் பள்ளத்துக்குள் இருந்தது. அதன் இரண்டு பக்கமும் பிளாஸ்டர் அணை கட்டிக்கொண்டு, நடுவில் விட்ட சந்தில் மட்டும் பல் அடுக்கினேன். வாயோரத்தில் செட்டை ஒடுக்கி, கடைவாய்ப் பற்களை முன்பிருந்ததைவிட ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டர் வெளியே தள்ளினேன். நாக்கின் அடி இழைக்கு வெட்டும் விட்டேன்.

செட் போட்ட நான்காம் நாள் பின் உள்விளிம்பில் ஒரு புண் வந்தது, விழுங்கும்போது வலித்தது. மருத்துவர் அந்த இடத்தை மட்டும் அரை மில்லிமீட்டர் தேய்த்தார், மெத்தையைத் தொடவில்லை. பத்து நாள் கழித்துப் போனபோது பெரியம்மா இருபது வரை எண்ணிக் காட்டினார், நான் கேட்காமலே. ஆறிலும் ஏழிலும் செட் அசையவில்லை. ராத்திரி கழற்றித் தண்ணீரில் போடுகிறாரா என்று கேட்டேன். போடுகிறாராம், கிண்ணத்தைப் பூனை தட்டிவிடாதபடி அடுக்குப் பானைக்குப் பின்னால். தக்காளி விதை மட்டும் இன்னமும் அடியில் போகிறது என்றார். அது போகத்தான் செய்யும் பெரியம்மா என்றேன். "அப்படியானால் ரசத்தை வடிகட்டிக்கொள்கிறேன்" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்.